கடைசிப் பாட்டில் ஒரு விசில்

இசை விமர்சனம் எழுத வந்திருக்கும் உங்களில் பலர் என்னைப் பார்க்கும்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: பிடிக்காத ஆல்பத்தைப் பற்றி எப்படி எழுதுவது? அது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை, பழகிவிடும். இந்த வேலையில் என்னை உண்மையிலேயே திணறடித்த சமயம் வேறு மாதிரியானது. காதில் விழுந்தது ஒன்று, அதற்குக் காரணமாக நான் சந்தேகப்பட்டது இன்னொன்று. எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று தெரியாமல் ஒரு வாரக் கடைசி முழுவதும் அலைந்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் ஹைதராபாத்தில் ஓர் ஆங்கிலத் தினசரியின் ஞாயிறு இணைப்பில் வேலை பார்த்தவள். அப்பா திருநெல்வேலியிலிருந்து மத்திய அரசு நிறுவனம் ஒன்றின் வேலைக்காக வந்து, மௌலா அலி பக்கத்தில் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் குடியேறினார். நான் அங்கேயே வளர்ந்தேன், கல்யாணத்துக்குப் பிறகும் அந்தப் பக்கத்திலேயே தங்கிவிட்டேன். ராக் இசையைப் பற்றி எழுதுவேன் என்று நானே நினைத்ததில்லை. ஒருநாள் எங்கள் ஆசிரியர் ஒரு சிடியை எல்லோரிடமும் நீட்டிப் பார்த்தார். யாரும் வாங்கவில்லை. கடைசி மேஜை என்னுடையது.

அந்தக் குழுவின் பெயர் லூஸ் ஷன்ட். சரக்கு ரயில் பெட்டிகளின் மேல், 'லூஸ் ஷன்ட் செய்யாதே', அதாவது தள்ளிவிட்டுத் தானாக ஓட விடாதே, என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும் எச்சரிக்கையிலிருந்து எடுத்த பெயர். டிரம்ஸ் வாசிப்பவர்கள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். நிலையாக இருந்தவர்கள் இரண்டே பேர். கிட்டார் வாசித்த ஆல்வின், பாடிய கிரண்மயி. ஆல்வினின் அப்பா நாகர்கோவில்காரர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, நகரத்தின் ராணுவப் பகுதியான போலாரத்தில் தங்கிவிட்டவர். கிரண்மயி தெலுங்குப் பெண், ஆல்வினோடு பள்ளியில் படித்தவள்.

அவர்களுடைய முதல் ஆல்பத்தைக் கேட்டபோது எது பாட்டு, எது சத்தம் என்றே எனக்குப் பிடிபடவில்லை. மல்லாபூரில் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் மெஷின் இரும்புத் தகட்டை அடிப்பதைப் பதிவு செய்து அதையே தாளமாக வைத்திருந்தார்கள். கிட்டார் கம்பிகளுக்கு நடுவே சைக்கிள் ஆரக்கம்பியைச் செருகி வாசித்திருந்தார் ஆல்வின். கிரண்மயி வார்த்தைகளைப் பாதியில் உடைத்து உடைத்துப் பாடினாள். நான் மிகவும் சிரமப்பட்டு, நகரத்தின் தொழிலாளர் வாழ்க்கையை அவர்கள் சித்திரிக்க முயல்கிறார்கள் என்றெல்லாம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆசிரியர் அந்தப் பத்தியை அப்படியே அடித்துவிட்டார்.

"அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது உனக்கு எப்படித் தெரியும்? உன் காதில் என்ன விழுந்ததோ அதை எழுது" என்றார்.

எழுதினேன். சேற்றில் இரும்பு விழுவது போல் இருக்கிறது, ஆனாலும் நிறுத்தத் தோன்றவில்லை என்று. அதற்குப் பிறகு அவர்களுடைய ஒவ்வொரு ஆல்பமும் என் மேஜைக்கே வந்தது. வருஷங்கள் ஓடின. சிடி போய் எல்லாம் இணையத்துக்கு வந்துவிட்டது. லூஸ் ஷன்ட்டுக்கு மும்பையிலும் பெங்களூரிலும் ரசிகர்கள் சேர்ந்தார்கள். ஒவ்வொரு ஆல்பத்துக்கும் மிக்ஸிங் செய்தது ஆல்வின்தான். எந்தச் சத்தம் முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால் போக வேண்டும், எது எவ்வளவு கூர்மையாகக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை அது. அதில் அவருக்கு நல்ல பெயர். சினிமாக்காரர்கள்கூட அவரைத் தேடிப் போலாரத்துக்கு வந்தார்கள். குழுவால் வந்த வருமானத்தைவிட அதில்தான் அவர் குடும்பம் நடந்தது.

ஆறாவது ஆல்பம் வெளியாவதற்கு முந்தின வாரம். மும்பைக் கம்பெனி ஒன்று முதல்முறையாக அவர்களை எடுத்திருந்தது. வெளிநாட்டுக் கச்சேரிகளும் பேச்சில் இருந்தன. எங்கள் ஆசிரியர் எனக்கு முழுப் பக்கம் ஒதுக்கினார். ஆறு ஆல்பங்களையும் சேர்த்து, அந்தக் குழு நடந்து வந்த பாதையை எழுத வேண்டும். திங்கட்கிழமை மத்தியானம் பக்கம் முடிய வேண்டும். இப்படியொரு பக்கத்துக்காக நான் வெகுநாளாகக் காத்திருந்தேன்.

சனிக்கிழமை வீட்டில் உட்கார்ந்து முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தேன். ஆறையும் ஒரே மூச்சில் வரிசையாக நான் அதற்குமுன் கேட்டதில்லை. ஆல்பத்துக்கு ஆல்பம் இடைவெளி இருந்தால் காது பழையதை மறந்துவிடும். அன்றைக்கு அது மறக்க வழியில்லை. மூன்றாவதில் டிரம்ஸின் உலோகத் தட்டுகள் கொஞ்சம் மினுங்கின. நான்காவதில் பளபளத்தன. ஐந்தாவதில் கிரண்மயி 'ஸ' என்று சொல்லும்போதெல்லாம் எண்ணெயில் தண்ணீர் பட்ட மாதிரி சீறியது. ஆறாவதில் நான் இரண்டு முறை எழுந்து போய் சத்தத்தைக் குறைத்தேன்.

இது சோதனை இசை என்பதை மறந்துவிடாதீர்கள். சாதாரண சினிமாப் பாட்டில் இப்படி இருந்தால் தப்பு என்று சொல்லிவிடலாம். இவர்கள் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. பிரஸ் மெஷினைத் தாளமாக வைத்தவர்கள் காதைக் குத்துகிற ஆல்பம் ஒன்றை வேண்டுமென்றே செய்யலாம். முன்கூட்டியே கேட்டுவிட்ட ஓர் இணையதளம் இதை, 'கேட்பவரைத் தண்டிக்கும் துணிச்சல்' என்று பாராட்டியும் இருந்தது. நானும் அப்படியே நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். கடைசிப் பாட்டு என்னை விடவில்லை. அது கிரண்மயி ஏறக்குறைய முணுமுணுக்கிற பாட்டு. கூட ஒரு கிட்டார் மட்டும். அவர்கள் செய்ததிலேயே அழகான பாட்டு அதுதான். அதிலும் அந்தச் சீறல் இருந்தது. அவ்வளவு மென்மையான பாட்டில் யார் அதை வேண்டுமென்றே வைப்பார்கள்?

அப்போது என் மகள் நித்யா உள்ளே இருந்து வந்தாள். கல்லூரி முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் தமிழ் எப்போதும் மூன்று மொழிக் கலவை. சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள், தலைவலி வருகிறதாம்.

"அம்மா, கம் கரோ ப்ளீஸ். தலநொப்பி வருது."

"இந்தப் பாட்டு மெதுவாத்தானட்டி இருக்கு" என்றேன்.

"பாட்டு இல்லம்மா. அந்த விசில்."

"எந்த விசில்?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பின்னாடி ஒரு விசில் போயிட்டே இருக்கே. பழைய டிவி ஆன் பண்ணா வர்ற மாதிரி. கேக்கலையா?"

எனக்குக் கேட்கவில்லை. திரும்பப் போட்டேன். ஹெட்போனை மாட்டினேன், கண்ணை மூடினேன். ஒன்றுமில்லை. நித்யா தன் லாப்டாப்பில் அந்தப் பாட்டைத் திறந்து, சத்தத்தைப் படமாகக் காட்டும் ஒரு செயலியில் போட்டாள். மேலே, வெகு உயரத்தில், பாட்டு தொடங்குவதிலிருந்து முடிகிறவரை ஒரு மெல்லிய கோடு ஆடாமல் அசையாமல் போனது. ஏதோ கருவியின் மின்சாரக் கோளாறு. ஒலிப்பதிவு செய்பவர்கள் முதல் வேலையாக நீக்குகிற விஷயம். ஆல்வின் நீக்கவில்லை என்றால், அவருக்கு அது கேட்கவில்லை.

உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழவே எனக்குப் பயமாக இருந்தது. வருஷக்கணக்காகப் பெரிய ஸ்பீக்கர்களுக்கு முன்னால் நின்ற மனிதருக்கு மேல்ஸ்தாயி கேட்பது மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. குறைவாகக் கேட்கக் கேட்க, அவர் ஆல்பத்துக்கு ஆல்பம் அதை ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார். அப்படியென்றால் எல்லாம் பொருந்தியது. பொருந்தியதுதான் என்னைக் கலவரப்படுத்தியது. ஒரு மனிதரைப் பற்றி வீட்டில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒரு முடிவுக்கு வர நான் யார்? அந்த விசில் எனக்கே கேட்கவில்லையே. ஒருவேளை கோளாறு முழுக்க என் காதிலேயே இருந்தால்?

ஆசிரியருக்குப் போன் செய்தேன். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். முழுவதையும் சொன்னேன்.

"நீ டாக்டரா?" என்றார்.

"இல்லை."

"ஆல்வின் உன்னிடம் ஏதாவது சொன்னாரா?"

"இல்லை."

"அப்படியானால் இதை எழுத முடியாது."

"எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ஆல்பம் வருகிறது. சின்னப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த விசில் கேட்கும். யாராவது ஒருவர் கண்டுபிடித்து இரக்கமில்லாமல் எழுதுவார். அதற்குமுன் அவரிடம் சொல்லிவிடலாமா என்று பார்க்கிறேன். இருக்கிற காதையாவது காப்பாற்றிக்கொள்ளலாமே."

அவர் உடனே நிபந்தனை சொன்னார். "விமர்சனம் வருவதற்கு முன்னால் நீ அவர் வீட்டுக்குப் போனால் ஆறாவது ஆல்பத்தை நீ எழுதக் கூடாது. அவருக்கு நீ ஆலோசகராக ஆகிவிடுவாய். விமர்சகராக இருக்க முடியாது. முழுப் பக்கம் அரைப் பக்கமாகும். பரவாயில்லையா?"

"பரவாயில்லை" என்றேன். உண்மையில் பரவாயில்லை என்று தோன்றவில்லை.

"இன்னொன்று. நீ நினைப்பது தப்பாக இருந்தால், இந்த வதந்தி உன் வாயிலிருந்துதான் ஆரம்பித்திருக்கும். அதையும் யோசித்துக்கொள்."

இதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். மிக்ஸிங் செய்பவருக்குக் காது போய்விட்டது என்று ஒரு வார்த்தை வெளியே போனால் மறுவாரமே அவருக்கு வேலை வராது. அது உண்மையா பொய்யா என்று யாரும் நின்று விசாரிக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போலாரத்துக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் முதல் வாக்கியத்தைத் தேடிக்கொண்டே போனேன். உங்கள் காது எப்படி இருக்கிறது என்று கேட்பதா? டாக்டரைப் பார்த்தீர்களா என்று கேட்பதா? எதைச் சொல்லிப் பார்த்தாலும் கன்னத்தில் அறைவது போல் இருந்தது. ஆல்வாலில் பெட்ரோல் போட நின்றபோது திரும்பிப் போய்விடலாம் என்று நிஜமாகவே தோன்றியது. பின்னால் ஒரு ராணுவ லாரி ஹார்ன் அடித்தது. முன்னால்தான் போக முடிந்தது.

ஆல்வினின் வீடு ஒரு பழைய பங்களாவின் பின்பகுதி. மணியை அடித்தேன், கதவு திறக்கவில்லை. மறுபடி அடித்தேன். கிரண்மயி வந்து திறந்தாள். அன்றைக்கு ஒத்திகை இருந்தது போல. ஆல்வின் கூடத்தில் தரையில் உட்கார்ந்து ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். சமையலறையில் வாஷிங் மெஷின் வேலை முடிந்து கீச்சுக் கீச்சென்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர் தலையைத் திருப்பவே இல்லை. கிரண்மயி உள்ளே போய் அதை நிறுத்திவிட்டு வந்தாள்.

"வாங்க மேடம்" என்று எழுந்தார் ஆல்வின். "ரிவ்யூக்கு முன்னாடி நீங்க வீட்டுக்கு வந்ததே இல்லையே."

"ஆறாவது ஆல்பத்துக்கு நான் ரிவ்யூ எழுதல, ஆல்வின்."

"கைக்கு மேடம், ஏன்? அவ்வளவு மோசமா இருக்கா?" என்று சிரித்தார்.

"கடைசிப் பாட்டு நீங்க பண்ணதுலயே நல்ல பாட்டு. அதுல பின்னால ஒரு விசில் வருது. மெல்லிசா, பாட்டு முழுக்க. அது நீங்க வச்சதா?"

எப்போதும் பேட்டிகளில் சொல்வதையே அவர் சொன்னார். "எங்க ஆல்பத்துல இருக்கறது எல்லாமே நாங்க வச்சதுதான் மேடம்."

அந்த இடத்தில் நான் கிளம்பியிருக்கலாம். அவர் பேச்சுக்குக் கதவைச் சாத்திவிட்டார், அதைத் தள்ள எனக்கு உரிமை இல்லை. பையைக்கூட எடுத்துவிட்டேன். கிரண்மயிதான் பேசினாள்.

"நேனு அடிகானு கதா, ஆல்வின்." நான் கேட்டேனே என்று.

"எப்ப?" என்றார் அவர்.

மிக்ஸ் முடிந்த அன்றே கேட்டதாகத் தெலுங்கில் சொன்னாள். என்னமோ கிய் என்று கேட்கிறதே என்று அவள் கேட்டாளாம். உன் ஹெட்போன் சரியில்லை என்று அவர் சொன்னாராம். வேண்டுமென்றே வைத்திருப்பான், நமக்குத்தான் புரியவில்லை என்று அவளும் விட்டுவிட்டாள். இத்தனை வருஷமாக அவர் வைத்த எதையும் அவள் சந்தேகப்பட்டதில்லை.

ஆல்வினின் கோபம் அவள் மேல் போகவில்லை. என் மேல் வந்தது.

"மேடம், நீங்க ரிவ்யூ எழுதுறவங்க. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு எழுதுங்க. வீட்டுக்கு வந்து காது டெஸ்ட் பண்றீங்களா?" குரல் ஏறிக்கொண்டே போனது. "உங்களுக்குக் கேக்குதா அந்த விசில்? சொல்லுங்க. உங்க காதுல கேக்குதா?"

கேட்கிறது என்று சொல்லியிருந்தால் அவர் வாயை அடைத்திருக்கலாம். பொய் சொல்ல வரவில்லை.

"இல்ல, ஆல்வின். எனக்குக் கேக்கல. என் பொண்ணுக்குத்தான் கேக்குது. நான் எவ்வளவோ தடவ போட்டுப் பாத்துட்டேன். எனக்கும் காது போக ஆரம்பிச்சிருக்குன்னு நெனைக்கேன். நேத்துலேருந்து அந்தப் பயம் வேற."

அவர் ஒயர்களுக்கு நடுவில் மறுபடி உட்கார்ந்துவிட்டார். பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது.

"என் காதுக்குள்ள எப்பவும் ஒரு சத்தம் இருக்கு மேடம். பல வருஷமா இருக்கு. மெல்லிசா, கிய்னு. தூங்கறப்பவும் இருக்கும், சாப்பிடறப்பவும் இருக்கும். அதே சத்தம் வெளியிலயும் இருக்குன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

கிரண்மயி சுவரில் சாய்ந்துகொண்டாள். அவர் பக்கத்தில் நின்றே அத்தனை ஆல்பங்களிலும் பாடியவள். அவளுக்கே அது அப்போதுதான் தெரிந்தது.

"டாக்டரப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"நக்கோ மேடம், வேணாம். போனா தெரிஞ்சிரும்ல."

எனக்கும் முந்தின நாளிலிருந்து அதே எண்ணம்தான்.

"இத எழுதிராதீங்க மேடம்" என்றார் அவர் தலையைத் தூக்காமல். "மிக்ஸிங்தான் எனக்குச் சோறு."

"உங்க காதப் பத்தி எழுத மாட்டேன். எங்க ஆசிரியருக்கு மட்டும் தெரியும், அவங்களும் சொல்ல மாட்டாங்க. ஆனா நீங்க டாக்டர்ட்ட போகணும். இருக்கறதாவது தங்கும்."

அவர் போகிறேன் என்று சொல்லவில்லை. ஆல்பத்தை நிறுத்துகிறேன் என்றும் சொல்லவில்லை. கிரண்மயி வாசல்வரை வந்தாள். நல்லது செய்தேனா கெட்டது செய்தேனா என்று தெரியாமலே வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

திங்கட்கிழமை முதல் ஐந்து ஆல்பங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். அது என் வாழ்க்கையிலேயே கஷ்டமான அரைப் பக்கம். தெரிந்துவிட்ட ஒன்றைத் தெரியாதது போல் எழுத வேண்டும், பொய்யும் சொல்லக் கூடாது. ஆல்பத்துக்கு ஆல்பம் கூர்மை ஏறிக்கொண்டே வருகிறது, ஐந்தாவதில் எனக்கு அது வலித்தது, என் விருப்பம் மூன்றாவதுதான் என்று எழுதினேன். ஏன் ஏறியது என்று எழுதவில்லை. ஆசிரியர் வரி வரியாகப் படித்தார். இரண்டாவது ஆல்பத்தைப் பற்றிச் சொல்லும்போது 'செவிட்டுச் சுவர்கள்' என்று ஒரு வர்ணனையை நான் என்னை அறியாமலே போட்டிருந்தேன். வேறு எந்த வாரமாக இருந்தாலும் அவர் விட்டிருப்பார். அன்றைக்கு அடித்தார். அதை அடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில்தான், நான் எவ்வளவு பதற்றத்தில் இருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

வியாழக்கிழமை, ஆல்பம் வெளியாகாது என்று அறிவிப்பு வந்தது. காரணம் சொல்லப்படவில்லை.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது அதற்குப் பிறகு வந்த மாதங்களைத்தான். எழுதக் கூடாது என்று முடிவு எடுப்பது ஒரு நாள் வேலை. அதைக் கட்டிக் காப்பது ரொம்ப நாள் வேலை. இணையத்தில் கதைகள் முளைத்தன. ஆல்வினுக்கும் கிரண்மயிக்கும் காதல் முறிந்துவிட்டது என்றார்கள். அவர்களுக்குள் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. கிரண்மயி தனியாகப் போகப் பார்க்கிறாள், அவள்தான் ஆல்பத்தைத் தடுத்தாள் என்று ஒருவர் எழுதினார், ஆயிரம் பேர் அவளைத் திட்டினார்கள். இன்னொருவர் என் அரைப் பக்கத்தைக் கண்டுபிடித்து, ஆறாவது ஆல்பத்தை இந்தப் பத்திரிகை வேண்டுமென்றே ஒதுக்கியது, அதனால்தான் கம்பெனி பின்வாங்கியது என்றார். எங்கள் அலுவலகத்திலேயே சிலர் அதை நம்பினார்கள். ஒரே ஒரு வாக்கியம் எழுதினால் கிரண்மயி மேல் விழுந்த சேறு போய்விடும். அந்த வாக்கியம் என்னிடம் இருந்தது. எழுதினால் ஆல்வின் போய்விடுவார். போன் மணி அடிக்கும்போதெல்லாம் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

கிரண்மயிக்கு ஒருநாள் செய்தி அனுப்பினேன். உன்னைப் பற்றி இப்படி எழுதுகிறார்களே, நான் என்ன செய்யட்டும் என்று. 'ஒன்றும் செய்யாதீர்கள். டாக்டரைப் பார்த்தோம்' என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

அந்தச் சமயத்திலேதான் நானும் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெகுநேரம் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன். மிஷின் ஓடவில்லை போல என்று நினைத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்தப் பெண் பொத்தான்களைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தாள். வயதானால் வருவதுதான், பேச்செல்லாம் நன்றாகக் கேட்கும், மிக உச்சத்தில் இருக்கும் மேல்ஸ்தாயி மட்டும் போயிருக்கிறது என்றார் டாக்டர். ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். பாட்டு, சொல், அமைப்பு இவற்றைப் பற்றி எழுது, ஒலிப்பதிவின் தரத்தைப் பற்றி எழுதும்போது பக்கத்தில் ஒரு இளைய காதை வைத்துக்கொள் என்றார். கொஞ்ச நாள் அப்படிச் செய்தேன். பிறகு ராக் இசையை முழுவதுமாக ஷாலினி என்ற இளைய சக ஊழியரிடம் கொடுத்துவிட்டேன். ஓய்வு பெறவும் அதிக நாள் இல்லை.

மறு வருஷம் செகந்தராபாத்தில் ஒரு மாலைக் கச்சேரி. லூஸ் ஷன்ட் மறுபடி மேடை ஏறுகிறது என்றதும் கூட்டம் நெருக்கியது. நான் ஓரத்தில் நின்றிருந்தேன். ஆல்வின் கிட்டாரை மாட்டுவதற்கு முன்னால் மைக்குக்கு வந்தார். இரண்டு காதிலும் கேட்புக் கருவி இருந்தது. அதை அவரே விரலால் தொட்டுக் காட்டினார். ஹிந்தியும் தெலுங்கும் கலந்து, நான் காதைக் கெடுத்துக்கொண்டேன், அதனால்தான் ஆல்பம் நின்றது, கிரண்மயியைத் திட்டியவர்கள் எல்லோரும் அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்றார். ஆல்பத்தை வேறொருவர் மறுபடி மிக்ஸ் செய்கிறார், சீக்கிரம் வரும் என்றார். கூட்டம் கைதட்டியது. பக்கத்தில் இருந்த பையனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த ஆல்பம் வந்தது. ஷாலினி அதைக் கேட்டுவிட்டு என்னைத் தேடி வந்தாள். முகம் வாடியிருந்தது.

"மேடம், எனக்கு இது பிடிக்கல. ரொம்ப மழுங்கலா இருக்கு. யாரையும் சீண்டக் கூடாதுன்னு மிக்ஸ் பண்ண மாதிரி. கடைசிப் பாட்டு மட்டும் பிரமாதம்."

"அத எழுதேன்."

"எப்படி மேடம் எழுதறது? அவருக்கு இப்படி ஆயிருக்கு. எல்லாரும் கண்ணீர் விட்டு எழுதறாங்க. நான் மட்டும் திட்டினா என்னைக் கல் நெஞ்சுக்காரின்னு சொல்ல மாட்டாங்களா?"

"சொல்வாங்க."

"கொஞ்சம் மெதுவா எழுதட்டுமா?"

அவளுக்கு என்ன சொல்வது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஆல்வின் இன்னும் எவ்வளவு தாங்குவார் என்றும் தெரியவில்லை. கடைசியில், "அவர் கையில கிட்டார எடுத்துட்டு மேடைக்கு வந்துட்டார். நோயாளியா வரல. நீ கேட்டத எழுது" என்றேன். சொல்லிவிட்டு, சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று தவித்தேன்.

ஷாலினி ஒளிவு மறைவில்லாமல் எழுதினாள். அவருடைய காதைப் பற்றி ஒரு சொல் இல்லை. இந்தக் குழு பயந்துபோய்விட்டது, மூன்றாவது பாட்டில் கிட்டார் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நடக்கிறது என்று எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை அது வந்தது. அன்றைக்கு முழுவதும் என்னால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. நித்யா இரண்டு முறை டீ போட்டு வைத்தாள், இரண்டும் ஆறிப்போயின.

சாயங்காலம் ஆல்வின் போன் செய்தார். நான் போலாரத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசுவது அதுதான் முதல் தடவை.

"ரிவ்யூ படிச்சேன் மேடம். நல்லாத் திட்டியிருக்கா."

"ஹவ்வா?" என்றேன். அப்படியா என்பதற்கு ஹைதராபாத் வார்த்தை.

"ஹவ் மேடம். ஒரு வருஷமா எல்லாரும் என்கிட்ட பாவம் பாவம்னு பேசறாங்க. ஆல்பம் எப்படி இருக்குன்னு ஒருத்தரும் சொல்லல. கேட்டா, நீங்க தைரியசாலின்றாங்க. இவ ஒருத்திதான் ஆல்பத்தப் பத்திப் பேசியிருக்கா." குரலை உயர்த்தினார். "ஆனா மூணாவது பாட்டப் பத்தி அவ எழுதினது தப்பு. சுத்தத் தப்பு. அவ நம்பர் குடுங்க மேடம், சண்ட போடணும்."

ஷாலினியிடம் கேட்டுவிட்டு நம்பரைக் கொடுத்தேன். அவளுடைய போனில் சார்ஜ் தீருகிறவரை இருவரும் விடவில்லையாம்.